மங்கல வழக்கும் மரணப் பேச்சும்

பிறந்த உயிர் அனைத்திற்கும் உடலை நீத்தல் உறுதி. அவ்வுறுதியான பொருளைப் பற்றி வாய் திறந்து பேசுதற்கு மட்டும் மக்கள் அஞ்சுவர். தமிழ் இலக்கண நூலார் இவ்வியல்பை நன்கு உணர்ந்திருந்தனர். தகுதி வழக்கு மூவகைப்படும் எனக் கூறி, அவற்றுள் ஒன்றற்கு மங்கலம் எனப் பெயரிட்டனர். செத்தாரைத் துஞ்சினார் என்றலும், சுடுகாட்டை நன்காடு என்றலும் அதற்கு எடுத்துக்காட்டுக்கள். ஈழத்துச் சைவர் ‘சிவபதம் அடைந்தார்’ என மொழிவதும் இதன்பாற்படும். ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மங்கல வழக்குச் சொல்லை மாற்றிற்றேயன்றிப் பொருளை மறைக்கவில்லை. கேட்போர் மனம் புண்படாவண்ணம் இறப்பைச் சொல்லுதற்கு அமைந்த வழியே அது. சொல்லாது விடுதற்கு அமைந்ததன்று.

முன்னோர் இறப்பைப் பேச நாணினாரல்லர். திருக்குறளின் 34ஆம் அதிகாரம் நிலையாமையை உரைப்பது. திருமந்திரத்தின் முதல் தந்திரத்திலேயே யாக்கை நிலையாமை தனிப் பகுதியாக அமைந்துள்ளது. கடோபநிடதத்தில் நசிகேதன் என்னும் சிறுவன் இயமனிடமே சென்று இறப்பின் மறைபொருளை வினவுகின்றான். உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது அவன் முடிவு பலரும் அறிந்த செய்தியாயிற்று. சான்றோர் அவனைச் சூழ்ந்திருந்தனர். பாண்டி நாட்டுப் பிசிராந்தையார் தேடி வந்து உடனிருந்து உயிர் நீத்தார். இறப்போன் ஒருவன் தன் இறப்பை அறிந்து, அன்பர் நடுவே அதனை எதிர்கொண்ட நிகழ்ச்சி இது.

ஈழத்துச் சைவ மக்களிடத்தும் இறப்பைச் சூழ்ந்த கூட்டு வழக்கங்கள் பல உள. சாவீட்டிலே உரலில் சுண்ணம் இடித்துத் திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாடுவர். 31ஆம் நாள் அந்தியேட்டி நடைபெறும். அன்று ‘கல்வெட்டு’ என்னும் நினைவு நூலை உறவினர்க்கும் நண்பர்க்கும் வழங்குவர். மறைந்தவரின் குலமும் வாழ்வும் அதில் இடம்பெறும். இறந்த திதியைத் திதி வெண்பா குறிக்கும். எனினும், இவையாவும் உயிர் பிரிந்த பின்னர் நிகழ்வன. யாரைக் குறித்து அனைவரும் பேசுகின்றனரோ, அவர் ஒருவரே அப்பேச்சைக் கேட்க இயலாதவர்.

இக்குறை கொழும்பிலே மிகுதியாகப் புலப்படுகின்றது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னரும் போர்க்காலத்திலும் எண்ணற்ற குடும்பங்கள் கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சிதறின. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் முதியோர் பலர் தனித்து வாழ்கின்றனர். பிள்ளைகளோ கடலுக்கு அப்பால் உளர். கொடிய நோயெனத் தெரிந்ததும் ‘அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்’ என மருத்துவரை வேண்டுவது இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அன்பினாற் செய்யும் மறைப்பே எனினும், அதன் பயன் துன்பமே. அன்னை தன் நிலையை உய்த்துணர்ந்தும், பிள்ளைகள் வருந்துவரென்று வாய் திறவாள். இரு சாராரும் அறிந்த உண்மையை இரு சாராரும் மறைப்பர். முடிவில், செயற்கைச் சுவாசக் கருவி பொருத்துவதா, வீட்டுக்கு அழைத்துச் செல்வதா என்னும் வினா நள்ளிரவிலே தொலைபேசி வழியாக எழுகின்றது. தாயின் விருப்பம் யாதென எவரும் அறியார். உடன்பிறந்தார் பிணங்குவர், அப்பிணக்கு அந்தியேட்டிக்குப் பின்னரும் தீராது.

மேலைநாட்டாரும் இம்மௌனத்திற்கு ஆட்பட்டிருந்தவரே. சிசிலி சாண்டர்சு அம்மையார் 1967இல் இலண்டனிற் புனித கிறித்தோபர் நல்வாழ்வகத்தைத் தொடங்கி, இறுதிக்கால நோயாளரின் உடல்வலியோடு உளவலியையும் தணிக்க முற்பட்டார். எலிசபெத்து கூப்ளர்-உரோசு அம்மையார் இறக்குந் தறுவாயிலிருந்தோருடன் உரையாடிக் கண்டவற்றை 1969இல் நூலாக வெளியிட்டார். சுவிற்சர்லாந்துச் சமூகவியலறிஞர் பெர்னார் கிறெத்தாசு 2004இல் இறப்பைப் பேசுதற்கென்றே சிற்றுண்டிச்சாலைக் கூட்டங்களைத் தொடங்கினார். அதனைப் பின்பற்றி யோன் அண்டர்வுட் என்பார் 2011இல் இலண்டனிலே தம் இல்லத்திற் கூட்டிய கூட்டம், இன்று ‘டெத் கஃபே’ என்னும் பெயரிற் பல நாடுகளிற் பரவியுள்ளது. அதன் விதிகள் எளியன. தேநீரும் இனிப்பும் உண்டு, சொற்பொழிவு இல்லை, எவரையும் எம்முடிவிற்கும் இழுத்தல் கூடாது, அங்குப் பேசியதை வெளியிற் பரப்புதலும் ஆகாது. இந்திய உச்சநீதிமன்றம் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பில், இறுதிக்காலச் சிகிச்சை பற்றி ஒருவர் முன்னரே எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. அவ்வாவணம் எழுதுதற்கு முன் பேச்சு வேண்டும்; பேச்சுக்கு ஓர் அவை வேண்டும்.

கொழும்புச் சைவர்க்கு அவ்வவை அரிதன்று. கொட்டாஞ்சேனையில் 1902இல் நிறுவப்பெற்ற விவேகானந்த சபையும், 1942இல் நிறுவப்பெற்று வெள்ளவத்தையில் பணிபுரியும் கொழும்புத் தமிழ்ச் சங்கமும் போன்ற பொது மன்றங்கள் உள. துடக்குடையார் கோயிலுக்குச் செல்லாமை மரபாதலின், துயருற்றாரும் வந்தமரக்கூடிய பொது மண்டபமே இதற்கு ஏற்ற இடமாகும். பேச்சைத் தொடங்குதற்குரிய கருவியும் கல்வெட்டு வடிவில் ஆயத்தமாய் உள்ளது. தம் கல்வெட்டில் எவை இடம்பெறல் வேண்டும், இறுதி நாளில் எப்பதிகம் செவியில் விழல் வேண்டும், எங்கே கிடத்தல் வேண்டும் என்பனவற்றை முதியோர் தாமே சொல்லப் பிள்ளைகள் கேட்டெழுதின், நள்ளிரவு வினாவிற்கு விடை முன்னரே கிடைத்துவிடும்.

‘இறப்பைப் பேசின் இறப்பு வரும்’ என்பார் உளர். பேசாதார் இல்லத்திற்கும் அது வாராதிருந்ததில்லை. நோயாளர் பொறுக்கமாட்டார் என்பாரும் உளர். அவர் கேட்கும் அளவிற்கே சொல்லுதல் வேண்டும் என்பது பொருந்தும். கேட்கும்போதும் மறுத்தல் பொருந்தாது. செவிப்புலன் உள்ளபோது கேட்கும் திருவாசகமே கேட்பவர்க்கு உரியது. நல்ல சொற்களால் இறப்பைச் சொல்லக் கற்பித்த தமிழ், அதனை உரிய காலத்திற் சொல்லவும் துணைநிற்கும். அதுவே மங்கலம்.