மண்ணுக்கு உரியது காற்றுக்குப் போனால்...

காற்று மாசைப் படமாக வரையச் சொன்னால், எந்தப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். உயரமான புகைபோக்கி, அதிலிருந்து கறுப்புப் புகை, பக்கத்தில் ஒரு லாரி. நீலகிரிப் பிள்ளைகளும் அதையேதான் வரைகிறார்கள். "அதெல்லாம் கீழதான் சார், நம்ம ஊர்ல சுத்தமான காத்து" என்று கூடவே சொல்லிவிடுவார்கள். கீழே என்றால் மேட்டுப்பாளையம், கோவை, அதற்கும் அப்பால் சென்னை, டெல்லி.

நான் கோத்தகிரி பக்கம் கொஞ்சம் தேயிலையும் கொஞ்சம் மலைக்காய்கறியும் இயற்கை முறையில் செய்கிற உழவன். பசுமைப்படை உள்ள பள்ளிகளில் மட்கு உரம் தயாரிக்கச் சொல்லித்தரக் கூப்பிடுவார்கள். குப்பையைப் பற்றிப் பேசப் போனால் பேச்சு காற்றில்தான் போய் நிற்கும். சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பாடமும் இருக்கிறது, பரீட்சையும் இருக்கிறது. ஆனால் வீட்டு அடுப்பும் தோட்டத்துச் சருகும் அந்தப் பாடத்துக்குள் வருவதில்லை. அவற்றை வைத்து நான் பாடம் நடத்தும் விதத்தை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் பயன்படும்.

காற்றுக்கும் எடை உண்டு

"இந்த வகுப்பறையில இருக்கிற காத்து எத்தனை கிலோ இருக்கும்?" இதுதான் முதல் கேள்வி. சிலர் சிரிப்பார்கள், சிலர் பத்து கிராம் என்பார்கள். 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறை என்றால், ஊட்டி உயரத்தில் அதிலுள்ள காற்று ஏறத்தாழ 100 கிலோ. அதாவது இரண்டு மூட்டை நெல். கடற்கரை ஊரில் அதே அறைக்காற்று 130 கிலோ இருக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? நாம் எல்லாரும் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு ஏறும்போது அந்தக் கடலில் கொஞ்சம் மேலே வந்துவிடுகிறோம். நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வரும்போது உப்பிக்கொள்வது இதனால்தான். இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எல்லா ஊரிலும் 21 சதவீதம்தான். ஆனால் ஊட்டியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். இதைப் பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்த பாடத்துக்குத் தேவைப்படும்.

பனிக்காலப் புகை

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலம். பள்ளத்தில் உள்ள தேயிலைதான் முதலில் கருகும், மேட்டில் உள்ளது தப்பிக்கும். இது மலையில் எல்லாருக்கும் தெரியும். மேகமில்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு இறங்கித் தேங்குகிறது. அதற்கு மேலே இருக்கும் காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பதால் பானைக்கு மூடி போட்டதுபோல் ஆகிவிடுகிறது.

அந்த நேரத்தில் போடும் புகை எங்கே போகும்? பிள்ளைகளையே பார்க்கச் சொல்வேன். காலை ஆறரை மணிக்குப் பள்ளமான இடத்தில் ஓர் ஊதுபத்தி. காற்றடிக்காத நாளில் புகை கொஞ்சம் எழும்பி, பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். வெயில் ஏறியபின் பதினொரு மணிக்கு அதே இடத்தில் இன்னொரு பத்தி. இப்போது புகை மேலே போய்க் கலைந்துவிடும். தேயிலைத் தொழிற்சாலையின் விறகுப் புகை, குப்பை எரியும் புகை, வண்டிப் புகை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மலையில் வண்டிகள் குறைவாக இருக்கலாம், ஆனால் பள்ளத்தாக்குக்கு மூடி விழுந்துவிட்டால் கொஞ்சம் புகையே நிறைய.

இந்த இடத்தில் ஒரு உயிர்ப் பாடமும் இருக்கிறது. குளிருக்காக அறைக்குள் கரி மூட்டி, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் எழாமல் போன செய்தி மலையில் திரும்பத் திரும்ப வருகிறது. கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. புகை தெரியாததால் பயமும் வராது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இது ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே முக்கால் மூச்சு வாங்குகிற ஊரில் இது இன்னும் ஆபத்து. "தூங்குற ரூம்ல கரி அடுப்பு வைக்கக் கூடாதுன்னு அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லணும்" என்று சொல்லித்தான் அன்றைய வகுப்பை முடிப்பேன்.

மரம் சொல்லும் கணக்கு

காற்றை அளக்கும் கருவி பள்ளியில் இருக்காது. வருடச் சராசரியாக நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன கணக்கு 5. தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத அந்தத் துகளைக் கண்ணால் எண்ண முடியாது. ஆனால் மலைப் பிள்ளைகளுக்கு வேறொரு கருவி மரத்திலேயே இருக்கிறது. அதுதான் மரப்பாசி. பிரியாணி மசாலாவில் போடுகிறோமே கல்பாசி, அதுவும் இந்த இனம்தான்.

பெயரில் பாசி இருந்தாலும் இது வெறும் பாசி இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடித்தனம். இதற்கு உணவெடுக்கும் வேர் கிடையாது. மழையிலும் பனியிலும் காற்றிலும் வருவதை அப்படியே உறிஞ்சும். நல்லது வந்தாலும் நஞ்சு வந்தாலும் தடுக்கத் தெரியாது. நிலக்கரியும் டீசலும் எரியும்போது வரும் கந்தகப் புகை பட்டால், தாடி மாதிரி தொங்கும் வகை முதலில் மறையும். அடுத்து இலை மாதிரி விரிந்த வகை. பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் வகை கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.

பிள்ளைகளை ஒரே வகை மரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். சில்வர் ஓக் எங்கும் கிடைக்கும். சாலையோரத்தில் ஐந்து மரம், தோட்டத்துக்குள் ஐந்து மரம். நெஞ்சளவு உயரத்தில் எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்று நோட்டில் குறிக்க வேண்டும். ஈரமும் வெயிலும் ஒரே மாதிரி உள்ள இடங்களாக இருந்தால்தான் ஒப்பிட முடியும். வருடா வருடம் அதே மரங்களைப் பார்த்தால் அந்த ஊர்க் காற்றின் வரலாறு கையில் இருக்கும். கோடை சீசனில் வண்டி நெரிசல் தாங்காமல், உயர் நீதிமன்றம் சொல்லி, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததே, அந்தச் செய்தியை இந்த நோட்டோடு சேர்த்துப் படித்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்குகிறது.

ஒரு கூடை சருகு, ஒரு கரண்டி சாம்பல்

இனி நம்ம பாடம். ஆசிரியர் பக்கத்தில் இருக்க, நன்றாகக் காய்ந்த சருகு 100 கிராம் நிறுத்து, ஒரு தகர டப்பாவில் எரிக்கிறோம். ஆறியபின் சாம்பலை நிறுக்கிறோம். தராசில் நிற்பது ஒரு கரண்டி. "மிச்சமெல்லாம் எங்க போச்சு?" வகுப்பே அமைதியாகிவிடும். பிறகு ஒரு குழந்தை மேலே கையைக் காட்டும்.

சருகில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கரிமம் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகப் போய்விட்டது. தழைச்சத்தும் பெரும்பகுதி போய்விட்டது. சாம்பலில் நிற்பது சாம்பல்சத்தும் சுண்ணாம்பும்தான். அதே சருகை மூடாக்காகப் போட்டிருந்தால் கரிமத்தில் ஒரு பகுதி மட்காக மண்ணில் தங்கும், மண்புழுவுக்குச் சாப்பாடாகும், சரிவில் மண் அரிப்பையும் தடுக்கும். தேயிலைக் கவாத்துக் குச்சிகளும் அப்படித்தான். வயலிலேயே கிடந்தால் உரம், மூட்டம் போட்டால் புகை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோலோடு அழித்த காடும் எரித்த மண்வளமும் அதில் அடக்கம்.

தழைச்சத்துக் கதை இன்னும் வேடிக்கை. காற்றில் 78 சதவீதம் அதுதான். ஒரு ஏக்கர் நிலத்தின் தலைக்கு மேல் இருபதாயிரம் டன்னுக்கு மேல் நிற்கிறது. பட்டாணியும் பீன்ஸும் வேர்முடிச்சு நுண்ணுயிர்களை வைத்து அதைச் சும்மா இறக்கிக்கொள்கின்றன. செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினால் பிள்ளைகள் முடிச்சை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அதே தழைச்சத்தைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவைச் செலவழித்து இறக்கி, யூரியாவாக்கி, மூட்டை கட்டி நமக்கு விற்கிறார்கள். போட்டதில் ஒரு பங்கு அம்மோனியாவாகப் பறக்கிறது, ஒரு பங்கு மழையில் ஓடுகிறது. நூற்றில் ஒரு பங்கு அளவு நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகிறது. ஒரு பங்குதானே என்று விட முடியாது. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு, நூறு வருடத்துக்கு மேல் காற்றில் நிற்கும்.

நாமும் கவனிக்க வேண்டியது உண்டு. சாணக்குவியலை நனைய விட்டு, காற்றுப் புகாமல் போட்டு வைத்தால் மீத்தேன் கிளம்பும். கெட்ட வாடை வந்தாலே குவியலுக்கு மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். காய்ந்த சருகை இடையிடையே போட்டு, புரட்டிவிட வேண்டும். இயற்கை விவசாயி என்ற பெயர் மட்டும் காற்றைக் காப்பாற்றாது.

உழவர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு மணி நேரம் கேளுங்கள். ஒரு தராசு, ஒரு ஊதுபத்தி, ஒரு பூதக்கண்ணாடி, வேரோடு பிடுங்கிய ஒரு பட்டாணிச் செடி போதும். சமவெளியில் சில்வர் ஓக்குக்குப் பதில் வேம்போ புங்கமோ பாருங்கள். தேயிலைச் சருகுக்குப் பதில் வைக்கோலும் கரும்புத் தோகையும் இருக்கின்றன. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கேட்க ஒரு கேள்வி கொடுத்தனுப்புங்கள்: "இந்த வாரம் நம்ம வீட்டுல எதை எரிச்சோம், அதுல எது மண்ணுக்குப் போயிருக்கணும்?" எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் சருகுக்குத் தீ வைப்பது நின்றது இந்தக் கேள்வியால்தான்.