தோற்றவமைப்பாளரின் கற்றல் வளங்கள்: வேர்ட்பிரஸ் முறைமையை அடிப்படையாகக் கொண்ட சில குறிப்புகள்

அச்சுத்தொழிலின் வரலாற்றிலே எழுதுபவர் ஒருவராகவும் எழுதியதைப் பக்கமாகக் கோப்பவர் இன்னொருவராகவும் பிரிந்து நின்றமை நாம் அறிந்ததே. இணையத்திலே இத்தொழிற்பிரிவினையை நிலைநிறுத்தியது, உள்ளடக்க முகாமைத்துவ முறைமை எனப்படும் மென்பொருள் வகையாகும். கட்டுரையும் செய்தியும் படமும் தரவுத்தளத்தில் ஓரிடத்தே சேமிக்கப்படுகின்றன. அவை வாசகருக்கு எவ்வடிவிற் காட்சியளிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கோப்புத்தொகுதி வேறாக நிற்கின்றது. 'தீம்' என வழங்கும் இத்தொகுதியை இக்கட்டுரையில் தோற்றவமைப்பு எனக் குறிப்பிடுகின்றோம். இதனை ஆக்குபவர் ஓரளவு ஓவியர், ஓரளவு நிரலாளர், ஓரளவு அச்சுக்கோப்பாளர். இத்தகைய கலப்புத் தொழிலைப் புதிதாகப் பயில முனைபவர் எவற்றைக் கொண்டு பயில்கின்றார், அவ்வளங்கள் யாருக்கு உரியன, அவை எத்தகைய அறிவை உண்டாக்குகின்றன என்பனவே எமது வினாக்கள்.

வேர்ட்பிரஸ் முறைமையை மையமாகக் கொண்டே இவற்றை நோக்குகின்றோம். உலகின் இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேற்பட்டவை அதிலேயே இயங்குகின்றன என்பது ஒரு காரணம். கற்றலுக்கும் உடைமைக்கும் இடையிலான முரண்பாடு அங்கு வெளிப்படையாகவே வெடித்தது என்பது மற்றைய காரணம்.

2003 ஆம் ஆண்டு இவ்வகையில் முக்கியமானது. அவ்வாண்டு மே மாதத்திலே டேவ் ஷே என்னும் கனேடிய வடிவமைப்பாளர் 'சி.எஸ்.எஸ். சென் கார்டின்' என்னும் தளத்தைத் தொடங்கினார். பக்கத்தின் எச்.ரீ.எம்.எல். அமைப்பில் ஓர் எழுத்தையேனும் மாற்றாது, பாணித்தாளை மட்டும் மாற்றிப் பலர் பல்வேறு தோற்றங்களை அங்கு படைத்தனர். உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு என்ற கோட்பாட்டை விளக்குவதற்கு இதனிலும் சிறந்த பாடநூல் எழுதப்பட்டதாக எமக்குத் தோன்றவில்லை. அதே மாதத்திலேயே வேர்ட்பிரஸ்ஸின் முதற் பதிப்பும் வெளியாயிற்று. மத் முலன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் பி2 என்னும் பழைய மென்பொருளின் நிரலை எடுத்து, அதன் மேல் இதனைக் கட்டியெழுப்பினர். பி2 பொதுமக்கள் உரிமம் எனப்படும் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டிருந்தமையாலேயே இது சாத்தியமாயிற்று. அவ்வுரிமம் நிரலை வாசிக்கவும், மாற்றவும், மீள விநியோகிக்கவும் எவருக்கும் உரிமை அளிப்பது. மாற்றியதை விநியோகிப்பவர் அதே உரிமைகளைப் பிறருக்கும் அளித்தல் வேண்டும்.

தோற்றவமைப்பைத் தனித்தொகுதியாகப் பிரித்தது 2005 பெப்ரவரியில் வந்த 1.5 ஆம் பதிப்பு. இங்குதான் கற்றல் பற்றிய எமது விசாரணையின் மையம் உள்ளது. ஒரு தோற்றவமைப்புக்கு அன்று இன்றியமையாதனவாக இருந்தவை இரண்டே கோப்புகள்: ஒன்று பாணித்தாள்; மற்றையது 'இன்டெக்ஸ்' எனப்படும் பொது வார்ப்புரு. ஏனையவை யாவும் விருப்பத்துக்குரியன. ஒரு குறித்த பகுப்பின் கட்டுரைகளை வாசகர் கேட்கும்போது, அப்பகுப்புக்கெனத் தனியான வார்ப்புரு உண்டா என முறைமை முதலிற் தேடும். இல்லையெனின் எல்லாப் பகுப்புகளுக்கும் பொதுவான வார்ப்புருவைத் தேடும். அதுவும் இல்லையெனின் ஆவணக் காப்பகத்துக்கான வார்ப்புருவை நாடும். இறுதியில் இன்டெக்ஸ் கோப்பிலே வந்து நிற்கும். வார்ப்புருப் படிநிலை எனப்படும் இவ்வொழுங்கு, பொறியியல் வசதிக்காக ஏற்பட்டதாயினும், கற்பித்தல் நோக்கிற் சிறந்ததொரு பாடத்திட்டமாக அமைந்துவிட்டது. பயிலுநர் ஒரே கோப்புடன் தொடங்கலாம். அது பிழையின்றி இயங்கும். தேவை எழும்போது ஒவ்வொரு கோப்பாகச் சேர்க்கலாம். அறியாத பகுதிகள் அறிந்த பகுதிகளின் இயக்கத்தைத் தடுப்பதில்லை. படிமுறைக் கற்றல் என்று கல்வியியலாளர் கூறுவது மென்பொருளின் கட்டமைப்பினுள்ளேயே பொதிந்திருந்தது எனலாம்.

இதன் விளைவாகப் பாடநூலும் பண்டமும் ஒன்றாயின. 1.5 ஆம் பதிப்புடன் வந்த 'கூப்ரிக்' என்னும் இயல்புத் தோற்றவமைப்பைத் திறந்து, வரி வரியாக வாசித்து, நிறத்தை மாற்றி, பக்கப்பட்டியை இடம்மாற்றிப் பார்த்தே ஒரு தலைமுறையினர் இத்தொழிலைக் கற்றனர். 2010 இல் வந்த 3.0 ஆம் பதிப்புடன் 'டுவென்ரி ரென்' அதன் இடத்தைப் பெற்றது. அதன் பின்னர் அனேகமாக ஆண்டுதோறும் புதிய இயல்புத் தோற்றவமைப்பு வெளியாகி வருகின்றது. 2018 இன் பெயரில் எதுவும் இல்லை. இவற்றை வரிசைப்படி வைத்து வாசிப்பவர், இணையவடிவமைப்பின் வரலாற்றையே வாசித்தவராவார். 2012 இல் வெளிவந்த 'அண்டர்ஸ்கோர்ஸ்' இன்னொரு வகை. அது அலங்காரம் எதுவுமற்ற வெற்றெலும்புக் கூடு. எலும்பின் பெயர்களை அறிய விரும்புபவருக்கு அதுவே பொருத்தமானது.

ஆயின், பண்டமே பாடநூலாகும் இடத்தில் பண்டத்தின் உடைமை பாடநூலின் உடைமையுமாகிறது. 2000களின் பிற்பகுதியில் தோற்றவமைப்புகளை விற்கும் சந்தை வளர்ந்தது. விற்பனையாளர் சிலர் தம் நிரலை மாற்றவோ மீள விநியோகிக்கவோ கூடாதெனத் தடைவிதித்தனர். 2009 ஜூலையில் மென்பொருள் சுதந்திரச் சட்ட நிலையம், முலன்வெக் கேட்டதற்கிணங்கத் தன் கருத்தை வழங்கிற்று: தோற்றவமைப்பின் பி.எச்.பி. நிரல் வேர்ட்பிரஸ்ஸின் வழிப்பட்ட ஆக்கமாதலால் ஜி.பி.எல். உரிமத்துக்கு உட்படும், பாணித்தாளும் படங்களும் அவ்வாறு உட்பட வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு ஜூலையிலே 'தீசிஸ்' என்னும் வர்த்தகத் தோற்றவமைப்பின் ஆசிரியர் கிறிஸ் பியர்சனுக்கும் முலன்வெக்குக்கும் இடையே பகிரங்க விவாதம் மூண்டது. சில நாட்களிலேயே பியர்சன் மேற்கூறிய பிரிப்புமுறையை ஏற்றுக்கொண்டார். எனவே விடயம் நீதிமன்றத் தீர்ப்பாக முடியவில்லை. நடைமுறை மரபாகவே நிலைத்தது. விற்பதை ஜி.பி.எல். தடுக்கவில்லை என்பதை இவ்விடத்தில் வலியுறுத்தல் வேண்டும். வாங்கியவர் வாசிப்பதையும் மாற்றுவதையும் விற்பவர் தடுப்பதைத்தான் அது அனுமதிப்பதில்லை. பயிலுநரின் நிலையிலிருந்து நோக்குமிடத்து இவ்வுரிமையே எல்லாக் கைந்நூல்களிலும் பெறுமதி வாய்ந்தது.

வாசிக்கும் உரிமை இருப்பது ஒன்று, வாசிப்பது வேறொன்று. பிரதிசெய்து கற்கும் மரபின் இருண்ட பக்கத்தை 2011 ஆகஸ்ட் மாத நிகழ்வு காட்டிற்று. படங்களின் அளவை மாற்றுவதற்கான 'ரிம்தம்ப்' என்னும் சிறு நிரல் எண்ணற்ற தோற்றவமைப்புகளினுள்ளே பிரதிசெய்து வைக்கப்பட்டிருந்தது. பிளிக்கர், புளொக்கர் முதலிய நம்பகமான சில தளங்களிலிருந்து படங்களை இறக்கிக்கொள்ள அது இடமளித்தது. ஆனால், அத்தளத்தின் பெயர் முகவரியில் எங்காயினும் இடம்பெறுகின்றதா என்று மட்டுமே சோதித்தது. புளொக்கரின் பெயரை முன்னே ஒட்டிய கள்ள முகவரியொன்றும் இச்சோதனையிற் தேறிற்று. இறக்கிய கோப்போ, வெளியார் அணுகக்கூடிய கோப்புறையிற் சேமிக்கப்பட்டது; அது பி.எச்.பி. நிரலாயின் அங்கேயே இயங்கியது. மார்க் மவுண்டர் என்பவர் தமது தளமே இவ்வாறு ஊடுருவப்பட்ட பின்னர் இதனைக் கண்டறிந்து வெளியிட்டார். குறைபாடு சில வரிகளுக்குள் அடங்கியது; வாசித்திருந்தால் அனுபவமுள்ள எவரும் ஐயுற்றிருப்பர். பிரதிசெய்தோர் பலர் வாசிக்கவில்லை. 'ஒரே மாலையில் உங்கள் தோற்றவமைப்பு' என்ற தோரணையில் எழுதப்படும் பாடங்கள்மீது எமக்குள்ள அவநம்பிக்கைக்கு இதுவே காரணம்; அவை ஒட்டவேண்டிய வரிகளைத் தருகின்றன, அவ்வரிகளின் காரணத்தைத் தருவதில்லை.

காரணங்களைத் தரும் வளங்கள் இல்லாமலில்லை. முன்னர் 'கோடெக்ஸ்' என்ற பெயரில் பலரும் திருத்தத்தக்க விக்கியாக இருந்த ஆவணத்தொகுதி, பின்னர் தோற்றவமைப்புக் கைந்நூலாகவும் நிரல் உசாத்துணையாகவும் வகுக்கப்பட்டது. அவ்வுசாத்துணையில் ஒவ்வொரு செயற்கூற்றின் மூலநிரலும் அதன் விளக்கத்துடனேயே காட்டப்படுகின்றது. எந்தப் பதிப்பில் அது அறிமுகமாயிற்று என்ற குறிப்பும் உண்டு. இப்பதிப்புக் குறிப்பைப் புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எனினும், 2021 இல் 5.8 ஆம் பதிப்புடன் 'தீம் ஜேசன்' என்ற அமைவுக்கோப்பும், 2022 ஜனவரியில் 5.9 ஆம் பதிப்புடன் தொகுதிவழித் தோற்றவமைப்பும் வந்தபின், பாடமொன்றின் ஆண்டை அறியாது அதனைப் பின்பற்றுதல் வீண் உழைப்பாகிவிட்டது. புதிய முறையில் வார்ப்புருக்கள் பி.எச்.பி. நிரலாக அன்றி எச்.ரீ.எம்.எல். கோப்புகளாக உள்ளன, பெரும்பகுதியைத் திரையிலேயே இழுத்துவைத்து அமைக்கலாம். நிரலறியாதவருக்கு இது கதவைத் திறந்துள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. அதேவேளை, திரையில் செய்த மாற்றங்கள் தரவுத்தளத்தில் ஒதுங்கிக்கொள்வதால், கோப்பைத் திறந்து வாசிப்பவருக்கு முழு உண்மையும் புலப்படுவதில்லை. மாற்றங்களைக் கோப்புகளாக ஏற்றுமதி செய்து, அவற்றை மூலத்துடன் ஒப்பிட்டு வாசிக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே பயிலுதல் நன்று. வார்ப்புருப் படிநிலை மட்டும் புதிய முறையிலும் மாறவில்லை. ஆதலின் எதை முதலிற் கற்பது என வினவுவோருக்கு நாம் அதனையே சுட்டுவோம்.

தமிழில் வெளியிடும் தளங்களுக்குத் தோற்றவமைப்புச் செய்வோர் கவனிக்கவேண்டிய விடயமொன்று எஞ்சியுள்ளது. ஆங்கிலப் பாடங்களிற் காணும் நிரல்கள் ஆங்கில எழுத்தின் இயல்பை மௌனமாக எடுகோளாகக் கொண்டவை. தலைப்பை ஐம்பது அளவில் வெட்டும் பழைய பி.எச்.பி. வரியொன்றை எடுத்துக்கொள்வோம். அது எண்ணுவது எழுத்துகளையன்று, பைற்றுகளை. யூ.ரி.எவ்.-8 முறையில் தமிழ்க் குறியொன்று மூன்று பைற்றுகள் கொண்டது. இடைவெளியற்ற தமிழ்த்தொடரில் ஐம்பதாவது பைற்றில் வெட்டினால், பதினாறு குறிகளும் பதினேழாவதன் மூன்றில் இரண்டு பங்குமே எஞ்சும். அந்த மிச்சம் திரையிற் சிதைந்த குறியாகத் தோன்றும். பல்பைற்றுச் செயற்கூற்றைப் பயன்படுத்தினும் இடர் முற்றாக நீங்குவதில்லை; 'கி' என்பது கணினிக்கு ககரமும் இகரக் குறியுமாகிய இரண்டாதலால், இடையே வெட்டினால் 'க' மட்டும் நிற்கும். சொற்களை எண்ணி வெட்டுவதே பாதுகாப்பானது. வேர்ட்பிரஸ் இயல்பாக ஐம்பத்தைந்து சொற்களிற் தரும் சுருக்கமோ, தமிழின் ஒட்டுநிலைச் சொற்கள் நீண்டவையாதலால், ஆங்கிலத்துக்கென அளந்த பெட்டியை மீறிவிடும்.

தோற்றவமைப்பைச் சோதிப்பதற்கென வேர்ட்பிரஸ் சமூகத்தினர் மாதிரித் தரவுக்கோப்பொன்றை இலவசமாக வழங்குகின்றனர். மிக நீண்ட தலைப்பு, தலைப்பே இல்லாத பதிவு, ஒன்றினுள் ஒன்றாக அடுக்கிய பட்டியல்கள் எனத் தோற்றத்தைக் குலைக்கக்கூடிய நிலைமைகள் அதிற் திட்டமிட்டுச் சேர்க்கப்பட்டுள்ளன. நாம் அறிந்தவற்றுள் மிகக் குறைவாகப் பேசப்படும், மிக அதிகமாகக் கற்பிக்கும் வளம் இதுவே. அதன் உடலம் ஆங்கிலம். மேலும் கீழும் குறிகள் நீளும் 'மீ', 'மூ' போன்ற எழுத்துகள் அடுத்தடுத்த வரிகளில் வரும் பத்தி, இருபது எழுத்தைத் தாண்டும் புணர்மொழி, 'கொ' என இருபுறமும் குறி கொண்ட எழுத்திற் தொடங்கும் முதற்சொல், தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே வரியில் வரும் தலைப்பு ஆகியவற்றைக் கொண்ட தமிழ் மாதிரிக் கோப்பொன்றைத் தொகுத்து, அதே உரிமத்தின் கீழ் வெளியிடுதல் மொழித்துறை மாணவரும் கணினித்துறை மாணவரும் ஒரு தவணைக்குள் சேர்ந்து முடிக்கக்கூடிய பணியாகும்.