சுயாதீனப் பணியாளர் சந்திப்புகள்

சுயாதீனப் பணியாளர் சந்திப்பு என்பது எந்த நிறுவனத்திலும் நிரந்தர ஊழியராக இல்லாமல் தம் சொந்தப் பொறுப்பில் தொழில் செய்வோர் தாமாகவே கூடித் தாமே நடத்தும் கூட்டம் ஆகும். மென்பொருளாளர், வரைகலைஞர், மொழிபெயர்ப்பாளர், ஒளிப்படக் கலைஞர், பத்திரிகையாளர், கணக்காளர் எனப் பல துறையினர் இவற்றில் பங்கெடுப்பர். பேச்சுவழக்கில் இவர்கள் ஃப்ரீலான்சர்கள் என்று அழைக்கப்படுகின்றனர். வணிக மாநாடுகளில் பேச்சாளர், பார்வையாளர், ஏற்பாட்டாளர் என்ற பிரிவுகள் தெளிவாக இருக்கும். இச்சந்திப்புகளில் அப்பிரிவுகள் இல்லை. வருபவரே பேசுகிறார், கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குபவரும் அவரே.

தேவை

ஓர் அலுவலகம் தன் ஊழியருக்குச் சம்பளம் தவிர வேறு சிலவற்றையும் தருகிறது. ஐயம் எழுந்தால் கேட்பதற்கு அடுத்த மேசையில் ஒருவர் இருக்கிறார். தன் வேலைக்குச் சந்தையில் என்ன ஊதியம் கிடைக்கும் என்பது உணவு இடைவேளைப் பேச்சில் தெரிந்துவிடுகிறது. நோயுற்றால் வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். வீட்டிலிருந்து தனியாகப் பணிபுரிபவருக்கு இவை எவையும் கிடைப்பதில்லை. எனவே இச்சந்திப்புகளின் பயன் பின்வருமாறு வகுக்கப்படலாம்:

1. தனிமையைக் குறைத்தல்.
2. தொழில் நுணுக்கங்களைக் கற்றலும் கற்பித்தலும்.
3. கட்டணம், ஒப்பந்தம், வரி, வராக்கடன் பற்றிய அனுபவங்களைப் பகிர்தல்.
4. தம்மால் ஏற்க இயலாத வேலையை நம்பிக்கையான மற்றொருவருக்குக் கைமாற்றுதல்.

இவற்றுள் மூன்றாவதே வேறு வழிகளில் பெறுவதற்கு அரிதானது. தொழில் நுணுக்கத்தை நூல்களில் படிக்கலாம். ஆனால் ஒரு வாடிக்கையாளர் பணத்தை இழுத்தடிப்பவரா என்பதை எந்த நூலும் கூறாது.

வரலாறு

திறந்தவெளி முறை

நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வகுக்காமல் கூட்டம் நடத்தும் முறைக்கு ஒரு முக்கிய வடிவத்தைத் தந்தவர் அமெரிக்கரான ஹாரிசன் ஓவன். தாம் மிகுந்த சிரமப்பட்டு ஏற்பாடு செய்த ஒரு மாநாட்டில், பங்கேற்றோர் மிகவும் பயனுள்ளதாகக் கருதியது காப்பி இடைவேளையையே என்பதை அவர் கவனித்தார். கூட்டம் முழுவதையுமே காப்பி இடைவேளை போல அமைத்தால் என்ன என்ற எண்ணத்தில் 1985 இல் திறந்தவெளி முறையைத் தொடங்கினார். இம்முறையில் பங்கேற்போர் வட்டமாக அமர்கின்றனர். பேச விரும்புபவர் தலைப்பை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார். தான் கற்கவோ கற்பிக்கவோ எதுவும் இல்லை என்று உணரும் ஒருவர் எழுந்து வேறு குழுவுக்குச் செல்லலாம். அது அவமதிப்பாகக் கருதப்படுவதில்லை.

பார்கேம்ப்

2005 ஆகத்து மாதம் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் முதல் பார்கேம்ப் நடைபெற்றது. ஓரைலி பதிப்பகம் 2003 முதல் நடத்திவந்த ஃபூ கேம்ப் என்னும் கூட்டத்திற்கு அழைப்புப் பெற்றோர் மட்டுமே செல்ல முடியும். அதற்கு மாற்றாக, யாவரும் வரக்கூடிய ஒரு கூட்டம் ஒரு வாரத்திற்கும் குறைவான கால அவகாசத்தில் ஏற்பாடு செய்யப்பட்டது. நிரலாளர்கள் எடுத்துக்காட்டுகளில் பயன்படுத்தும் ஃபூ, பார் என்னும் இணைச்சொற்களில் இருந்து இப்பெயர் பெறப்பட்டது. வருபவர் அனைவரும் ஏதேனும் ஒரு வகையில் பங்களிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி ஆகும்.

உடன்பணி

அதே மாதம் 9 ஆம் நாள், பிராட் நியூபெர்க் என்னும் மென்பொருளாளர் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்பைரல் மியூஸ் என்னும் இல்லத்தில் உடன்பணி இடம் ஒன்றைத் தொடங்கினார். தனித்து இயங்கும் சுதந்திரமும் அலுவலகத்தின் ஒழுங்கும் தோழமையும் ஒருசேர வேண்டும் என்பது அவரது நோக்கம். இவ்விடம் வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே இயங்கியது. முதல் மாதம் ஒருவர்கூட வரவில்லை. பின்னர் அவரே வெளியில் சென்று பலரிடம் எடுத்துரைத்த பிறகே முதல் உறுப்பினர் கிடைத்தார். ஏறத்தாழ ஓராண்டில் அவ்விடம் மூடப்பட்டபோதும் அந்த எண்ணம் உலகெங்கும் பரவியது. ஆகத்து 9 உடன்பணி நாளாகப் பல நாடுகளில் நினைவுகூரப்படுகிறது.

ஜெல்லி

2006 இல் நியூ யோர்க்கில் ஒரே வீட்டில் வசித்த அமித் குப்தா, லூக் கிராஃபோர்ட் ஆகிய இருவரும் வீட்டிலிருந்து பணிபுரிபவர்களைத் தம் வீட்டுக்கே அழைத்து ஒன்றாக வேலை செய்யத் தொடங்கினர். சொற்பொழிவோ நுழைவுக் கட்டணமோ இல்லை. வருபவர் தம் மடிக்கணினியுடன் வந்து தம் வேலையைச் செய்வார். இவ்வெண்ணம் தோன்றியபோது இருவரும் ஜெல்லி மிட்டாய் உண்டுகொண்டிருந்தமையால் இப்பெயர் ஏற்பட்டது. ஒரு மேசை, சில நாற்காலிகள், இணைய இணைப்பு ஆகியவை மட்டுமே போதும் என்பதால் பல நகரங்களில் இம்முறை எளிதாகப் பின்பற்றப்பட்டது.

ஒழுங்கு செய்தல்

நாளும் இடமும்

நிலைத்து நிற்கும் சந்திப்புகளுக்குப் பெரும்பாலும் மாறாத நாள் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் அனைவருக்கும் வசதியான நாளைக் கேட்டறிந்து முடிவு செய்யும் குழு விரைவில் களைத்துவிடும். "மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை" என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால், வர இயலாதவர் அடுத்த மாதம் வரலாம். சென்னை லினக்ஸ் பயனர் குழு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஆகும். அக்குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டங்களைப் பல ஆண்டுகள் நடத்தியது.

நூலக அறை, கல்லூரி வகுப்பறை, தேநீர்க் கடை, உறுப்பினர் ஒருவரின் வீடு ஆகியவை இடமாகப் பயன்படுகின்றன. வீட்டில் நடத்துவது செலவற்றது எனினும் முன்பின் அறியாதவர், குறிப்பாகப் பெண்கள், ஒருவரின் வீட்டுக்கு வரத் தயங்கக்கூடும். ஆகவே முதற் சந்திப்புகளைப் பொது இடத்தில் வைப்பது நன்று. பேருந்து அல்லது தொடர்வண்டி நிலையத்திற்கு அருகாமை, கழிப்பறை வசதி, படியேற இயலாதவர் வருவதற்கான வழி ஆகியவற்றை முன்னரே பார்த்தறிதல் வேண்டும்.

நிகழ்வின் அமைப்பு

இருபது பேர் வரை வரும் இரண்டு மணி நேரச் சந்திப்பு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதல் இருபது நிமிடத்தில் ஒவ்வொருவரும் தம் பெயர், தொழில், தம்மால் தரக்கூடிய உதவி, தமக்கு வேண்டிய உதவி ஆகிய நான்கையும் ஒரு நிமிடத்தில் கூறுவர். அடுத்து ஒருவர் சுருக்கமாகப் பேசுவார். எஞ்சிய நேரம் சிறு குழுக்களாக உரையாடுவதற்கு விடப்படும்.

பேச்சின் நீளத்தைக் கட்டுப்படுத்தப் பல உத்திகள் உள்ளன. 2003 இல் தோக்கியோவில் தொடங்கிய பெச்சா குச்சா முறையில் 20 படவில்லைகள் தலா 20 நொடி காட்டப்படும். எனவே எவர் பேசினாலும் 6 நிமிடம் 40 நொடியில் முடிந்துவிடும்.

புதிதாக வந்தவரை வரவேற்று மற்றவருக்கு அறிமுகப்படுத்த ஒருவரை நியமித்தல் மிக அவசியம். பழகியவர்கள் தம்முள் பேசிக்கொண்டிருக்க, மூலையில் தனித்து நின்றவர் மறுமுறை வருவது அரிது. தனிமையைப் போக்குவதற்கென்றே கூடிய இடத்தில் ஒருவர் தனித்து நிற்பது அக்கூட்டத்தின் நோக்கத்தையே தோற்கடிக்கிறது.

செலவு

இலவசக் கூட்டத்திற்கும் செலவு உண்டு. ஒருவருக்குத் தேநீரும் சிற்றுண்டியும் 30 ரூபாய் எனக் கொண்டால் 20 பேருக்கு 600 ரூபாய் ஆகும். இதனை ஏற்பாட்டாளர் ஒருவரே தொடர்ந்து ஏற்றால், ஓராண்டில் 7,200 ரூபாய் அவர் கையிலிருந்து போய்விடும். வாசலில் ஓர் உண்டியல் வைத்து, ஒவ்வொரு கூட்ட முடிவிலும் வரவு செலவை அனைவர் முன்னும் படித்தல் எளிய தீர்வாகும். நிறுவனங்களிடம் நன்கொடை பெறும் குழுக்கள், அந்நிறுவனத்தின் விளம்பரப் பேச்சுக்கு எவ்வளவு நேரம் தரப்படும் என்பதை முன்பே எழுத்தில் வரையறுத்தல் நல்லது.

பொறுப்புப் பகிர்வு

ஒருவரின் ஆர்வத்தில் தொடங்கும் சந்திப்பு, அவருக்கு வேலை மிகும்போதோ அவர் ஊர் மாறும்போதோ நின்றுவிடுகிறது. சுயாதீனப் பணியாளரிடையே இது மேலும் எளிதில் நிகழும். ஏனெனில் சந்திப்புக்காகச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு ஊதியமற்ற நேரம் ஆகும். இடம் பார்த்தல், அறிவித்தல், வரவேற்றல், கணக்கு ஆகிய பணிகளைத் தொடக்கத்திலேயே பிரித்தளித்துச் சுழற்சி முறையில் மாற்றுவது இதற்குத் தீர்வாகும். ஏற்பாட்டாளர் வராத ஒரு மாதத்திலும் கூட்டம் நடந்தால், அச்சந்திப்பு வேரூன்றிவிட்டது எனக் கொள்ளலாம்.

கட்டணம் பற்றிய உரையாடல்

தொழிலுக்குப் புதியவர்கள் பெரும்பாலும் தம் பழைய மாதச் சம்பளத்தை நாட்களால் வகுத்துக் கட்டணம் கேட்கின்றனர். இதில் உள்ள பிழையைக் கீழ்க்காணும் கணக்கு விளக்கும்.

ஆண்டுக்கு 6,00,000 ரூபாய் சம்பளம் பெற்ற ஒருவர், மாதம் 22 வேலை நாட்கள் என ஆண்டுக்கு 264 நாட்கள் கணக்கிட்டால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 2,273 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் 365 நாட்களில் வார விடுமுறை 104, பண்டிகையும் நோயும் 25 எனக் கழித்தால் எஞ்சுவது 236. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு வாடிக்கையாளரைத் தேடுவதிலும் மதிப்பீடு, கணக்கு எழுதுவதிலும் போனால், கட்டணம் பெறும் நாட்கள் சுமார் 157 மட்டுமே. அதே வருமானத்தைப் பெற அவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,822 ரூபாய் கேட்க வேண்டும். காப்பீடு, கணினி, மின்சாரம் ஆகியவை இதில் சேரவில்லை.

அனுபவமுள்ள ஒருவர் இதனை விளக்கச் சில நிமிடங்களே ஆகும். அதனை அறியாதவரோ பல ஆண்டுகள் நட்டத்தில் உழைக்க நேரிடும்.

எனினும் இங்கு ஒரு சட்டச் சிக்கல் உண்டு. அனுபவத்தைப் பகிர்வதும், "இனி இவ்வளவுக்குக் குறைந்து எவரும் வேலை செய்யக்கூடாது" என உடன்படுவதும் ஒன்றல்ல. சட்டத்தின் பார்வையில் சுயாதீனப் பணியாளர் ஒவ்வொருவரும் தனி வணிகர் என்பதால், அத்தகைய உடன்பாடு போட்டிச் சட்டத்திற்கு முரணாகலாம். 2014 இல் நெதர்லாந்தின் இசைக்குழுக்களில் மாற்றாக வாசிக்கும் கலைஞர்களின் குறைந்தபட்சக் கட்டணம் தொடர்பான வழக்கில், உண்மையான சுயதொழிலர் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. 2022 இல் ஐரோப்பிய ஆணையம் தனிநபர் சுயதொழிலர் சிலருக்குக் கூட்டாகப் பேரம் பேச இடமளிக்கும் வழிகாட்டல்களை வெளியிட்டது. இந்தியாவின் 2002 ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டமும் விலையை நிர்ணயிக்கும் உடன்படிக்கைகளுக்கு எதிரானது.

மனந்திறந்து பேசுவதற்குச் சில குழுக்கள் சாத்தம் இல்ல விதியைப் பயன்படுத்துகின்றன. 1927 இல் இலண்டனில் தோன்றிய இவ்விதியின்படி, கூட்டத்தில் கேட்ட செய்தியைப் பிறருக்குக் கூறலாம். யார் கூறினார் என்பதைக் கூறலாகாது.

சந்திப்பிலிருந்து சட்டம் வரை

தனித்தனியாகத் தம் குறையெனக் கருதப்பட்டது, கூடிப் பேசும்போது பொதுவான குறை என விளங்குகிறது. பணம் கிடைக்காமை இதற்குச் சான்று. அமெரிக்காவில் சாரா ஹோரோவிட்ஸ் 1995 இல் தொடங்கிய அமைப்பு பின்னர் ஃப்ரீலான்சர்கள் சங்கமாக வளர்ந்தது. அச்சங்கத்தின் முயற்சியால் 2016 இல் நியூ யோர்க் நகரில் சுயாதீனப் பணியாளர் ஊதியப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 800 டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்றும், நாள் குறிப்பிடப்படாவிடின் வேலை முடிந்து 30 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்றும் அது விதிக்கிறது. 2024 இல் இத்தகைய சட்டம் நியூ யோர்க் மாநிலம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது.

சிக்கல்கள்

* பெயர் பதிந்துவிட்டு வராமல் இருத்தல். கட்டணமில்லாக் கூட்டங்களில் இது மிகுதி. உணவை அதற்கேற்பக் குறைத்தே ஏற்பாடு செய்ய வேண்டியுள்ளது.
* விற்பனை நோக்குடன் மட்டும் வருவோர். அறிமுகத்திற்கு ஒரு நிமிட வரம்பு இதனை ஓரளவு தடுக்கிறது.
* ஒரே துறையினர் அல்லது ஒரே மொழியினர் ஆதிக்கம் பெறுதல்.
* தொல்லை தரும் நடத்தை. நடத்தை விதிகளை முன்பே அறிவித்து, முறையிடுவதற்கு இருவரைப் பெயர் குறிப்பிட்டு நியமித்தல் வேண்டும்.
* 2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றின்போது நேரடிச் சந்திப்புகள் தடைபட்டு நிகழ்படக் கூட்டங்களாக மாறின. தொலைவில் உள்ளோர் இணைய முடிந்தபோதும், கூட்டம் முடிந்தபின் வாசலில் நின்று பேசும் பேச்சு அவற்றில் இல்லாமற் போனது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

2006 மார்ச்சில் தில்லியிலும் அதற்கடுத்த மாதம் சென்னையிலும் பார்கேம்ப் நடைபெற்றது. 2007 ஆகத்து 5 அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் நடந்த தமிழ் வலைப்பதிவர் பட்டறையும் தன்னார்வலர் நடத்தியதே. இவை சுயாதீனப் பணியாளருக்கென மட்டும் நடத்தப்பட்டவை அல்ல. எனினும் தலைவரோ மேடையோ இன்றி ஒரு கூட்டத்தைத் தமிழில் நடத்த இயலும் என்பதை அப்பட்டறை காட்டியது குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

* உடன்பணி
* பார்கேம்ப்
* திறந்தவெளி முறை
* கூட்டுறவு
* சுயதொழில்