மிதிக்க மறந்த பிரேக்

ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் காரின் பிரேக் எத்துணைப் பெரிய அமானிதம் என்பது புலப்படும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்கள் பல விடுமுறை நாள்களில் பிள்ளைகளோடு அங்கே செல்கின்றன. முன்சக்கர பிரேக் பேடு தேய்ந்துவிட்டால், கருவிகளைக் கையாளப் பழகியவர் அதை வீட்டிலேயே மாற்றிவிடலாம். ஆனால், ஒரு சிறு மறதி உயிருக்கே உலையாகிவிடும். சென்ற ஆண்டு அடியேன் கற்ற பாடம் இது.

பேடு மாற்றினால் ஏர் எடுக்க வேண்டாமா என்று பலரும் ஐயுறுவர். வேண்டியதில்லை. மிதிகட்டையை அழுத்தும்போது பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடுகளை டிஸ்கின் மீது இறுக்குகிறது. பேடு இந்த ஆயில் பாதைக்கு வெளியே இருப்பது. ஹோஸையோ ஏர் எடுக்கும் நிப்பிளையோ திறக்காத வரை காற்று உள்ளே புக வழியில்லை.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வீல் நட்டுகளைச் சற்றே தளர்த்தியபின் ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் இருத்துக, செங்கல்லை நம்பலாகாது. சக்கரத்தைக் கழற்றியபின், பல கார்களில் கீழ் போல்ட்டை மட்டும் அவிழ்த்தாலே காலிப்பர் மேலே திரும்பும். அதை ஹோஸில் தொங்கவிடக் கூடாது. பழைய பேடுகளில் கல்நார் இருக்கக்கூடும். ஆதலால் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்துவைத்து, சி-கிளாம்ப் கொண்டு பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளுக. தொட்டியில் ஆயில் மட்டம் உயரும். வழியுமுன் சிறிது எடுத்துவிடுக, அது பெயிண்டை அரிக்கும். புதிய பேடுகளின் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படலாகாது. கையேடு கூறும் அளவுக்குப் போல்ட்டை முடுக்கி, சக்கரத்தை மாட்டியபின் மறுபக்கமும் இவ்வாறே செய்க. இரு முன்சக்கரங்களுக்கும் சேர்த்தே பேடு மாற்ற வேண்டும்.

இவை அனைத்தையும் செய்தேன், ஒன்றை மறந்தேன். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடாமல் விலகி நின்றிருந்தது. அதை உணராமல் காரை வாசலை நோக்கி நகர்த்தினேன். அங்கே மதரஸாவுக்குப் புறப்பட்ட பிள்ளைகள் நின்றிருந்தனர். மிதித்தேன், மிதிகட்டை தரையைத் தொட்டது, கார் நிற்கவில்லை! ஹேண்ட் பிரேக் தனிக் கம்பியால் பின்சக்கரங்களைப் பிடிப்பது. அதை இழுத்ததும் ஒரு முழத் தொலைவில் கார் நின்றது. அல்ஹம்துலில்லாஹ்!

ஆகவே, கார் ஓர் அங்குலம் நகருமுன் மிதிகட்டை கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். ஆயில் மட்டத்தைச் சரிபாருங்கள். பிறகும் மிதிகட்டை பஞ்சுபோல் அமிழ்ந்தால், காற்றோ கசிவோ இருக்கக்கூடும்; காரை எடுக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததைப் பல்லாண்டுகளாக மாணவர்களுக்குப் போதித்து வருகிறேன். அன்று கயிற்றைக் கையில் எடுத்தேன், முடிச்சிட மறந்துவிட்டேன்.