தெரிவும் படைப்பும்

நுழையும்முன்

தேர்வறையில் ஒரு கட்டுரைத் தலைப்பைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்க்கைக்கான தொழிலைத் தேர்ந்தெடுப்பது வரை நாம் தெரிவுகளின் நடுவே நிற்கிறோம். தெரிவுகள் பெருகினால் படைப்பாற்றலும் பெருகுமா? இவ்வினாவுக்குக் குரங்கணி மலைச்சரிவிலிருந்து விடை தேடுகிறது இப்பாடம்.

தமிழில் ‘தெரிதல்’ என்னும் சொல்லுக்கு அறிதல், ஆராய்ந்து தேர்ந்தெடுத்தல் என இரு பொருள்கள் உண்டு. திருக்குறளின் ‘தெரிந்துசெயல்வகை’, ‘தெரிந்துதெளிதல்’ ஆகிய அதிகாரப் பெயர்களில் இவ்விரண்டும் இணைந்து நிற்பதைக் காணலாம். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாயின் முதலில் அதனை அறிந்திருத்தல் வேண்டும். தெரிவுக்கும் படைப்புக்கும் உள்ள உறவு இங்கிருந்தே தொடங்குகிறது.

மலை விதித்த வரம்பு

போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ‘டாப் ஸ்டேஷன்’ என்னும் மலைமுகடு தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தோட்டங்களின் தேயிலையைச் சமவெளிக்குக் கொண்டுவருவது பெருஞ்சிக்கலாக இருந்தது. இன்றுள்ளவை போன்ற சாலைகள் அன்று இல்லை. வண்டி இறங்க முடியாத சரிவு ஒருபுறம். ஏற்றுமதிக்காகக் காத்திருக்கும் தேயிலைப் பெட்டிகள் மறுபுறம்.

1902ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து மலைமுகடு வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. சிறிய சக்கரம் தண்டவாளத்தில் உருள, பெரிய சக்கரம் தரையில் ஊன்றிச் சமநிலை காத்தது. காளைகள் வண்டியை இழுத்தன. 1908இல் குறுகிய அகல இருப்புப்பாதை அதன் இடத்தைப் பெற்றது. முகட்டை அடைந்த பெட்டிகள் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டிகளில் போடிநாயக்கனூர் சேர்ந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அழித்தது. ஆயினும் ‘டாப் ஸ்டேஷன்’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

நேரான வழி கிடைத்திருந்தால் தரையையும் தண்டவாளத்தையும் ஒருங்கே பயன்படுத்தும் வண்டியைப் பற்றி எவரும் எண்ணியிருக்க வேண்டியதில்லை. பழகிய வழி அடைபட்டபோதுதான் மனம் பழகாத வழிகளை நாடியது.

விதையும் கன்றும்

இம்மலைகளின் மற்றொரு செல்வம் ஏலம். போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தின் முதன்மையான ஊர்களுள் ஒன்று. ஏலச்செடியின் பூக்களில் தேனீக்கள் மகரந்தச் சேர்க்கை செய்கின்றன. எனவே விதையிலிருந்து வளரும் கன்று தாய்ச்செடியைப் போலவே இருக்கும் என்று உறுதி கூற இயலாது. ஒரே தோட்டத்தில் ஒரு செடி மிகுதியாகக் காய்க்கும். மற்றொன்று பெயரளவுக்கே காய்க்கும். அதாவது, இயற்கை உழவரின் முன் எண்ணற்ற தெரிவுகளை வைக்கிறது.

இடுக்கி மாவட்டம் கட்டப்பனையைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்னும் உழவர், தம் தோட்டத்துச் செடிகளைத் தொடர்ந்து உற்றுநோக்கினார். நல்ல விளைச்சல் தந்த செடியைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டுப் பெருக்கினார். பக்கக்கன்று தாய்ச்செடியின் இயல்பை மாறாமல் பெறும் என்பதால் தேர்ந்த பண்பு நிலைபெற்றது. இவ்வாறு உருவான ‘ஞள்ளானி’ என்னும் ஏலவகை மலைத்தோட்டங்களில் பரவியது. ஆயிரம் செடிகள் எல்லோர் தோட்டத்திலும் இருந்தன. அவற்றுள் ஒன்றைப் பிரித்தறிந்த கண்ணே புதிய வகையைத் தந்தது.

ஆய்வுகள் கூறுவன

தெரிவுக்கும் படைப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பை உளவியலாரும் ஆராய்ந்துள்ளனர். தெரசா அமபில், ஜூடித் கிடோமர் ஆகியோரின் ஆய்வு 1984இல் வெளிவந்தது. சிறு குழந்தைகள் ஒட்டுப்படம் செய்ய வேண்டும். ஒரு பிரிவினர் தமக்கு வேண்டிய பொருள்களைத் தாமே தேர்ந்தெடுத்தனர். மற்றொரு பிரிவினருக்குப் பிறர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தனர். தாமே தேர்ந்தெடுத்த குழந்தைகளின் படங்களே படைப்பாற்றல் மிக்கவை என மதிப்பிடப்பட்டன.

அவ்வாறாயின் தெரிவுகளை மேலும் மேலும் பெருக்கலாமா? ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. கல்லூரி மாணவருள் ஒரு பிரிவினருக்கு 6 கட்டுரைத் தலைப்புகளும் மற்றொரு பிரிவினருக்கு 30 தலைப்புகளும் தரப்பட்டன. விரும்பினால் எழுதலாம். 6 தலைப்புகள் பெற்றோருள் 74 விழுக்காட்டினரும், 30 தலைப்புகள் பெற்றோருள் 60 விழுக்காட்டினரும் எழுதினர். கட்டுரைகளின் தரமும் முதற்பிரிவினரிடமே சற்று உயர்ந்திருந்தது. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் யாவும் இதே முடிவைத் தரவில்லை. தெரிவுகளைப் பற்றி முன்னரே அறிந்தவர் பலவற்றைக் கண்டு மலைப்பதில்லை என்பதும் புலப்பட்டது. ஏலச்செடிகளைப் பல்லாண்டு நோக்கிய உழவரை இங்கு நினைவுகூரலாம்.

ஏழு சீர்களின் எல்லை

நம் யாப்பும் இவ்வுண்மையை உணர்த்துகிறது. குறள் வெண்பாவுக்கு முதலடியில் நான்கு சீர். இரண்டாமடியில் மூன்று சீர். வெண்டளையன்றிப் பிற தளை வருதல் கூடாது. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடிதல் வேண்டும். வடிவத்தில் இத்துணைக் கட்டுப்பாடு இருப்பினும் பொருளும் சொல்லும் புலவரின் உரிமை. இவ்வெல்லைக்குள் நின்றே திருவள்ளுவர் 1330 குறள்களை இயற்றினார்.

வரம்பும் மறுப்பும்

எனினும், வரம்பு நன்மை தரும் என்பதால் தெரிவே வேண்டா என்று கூறுவது பெரும்பிழை. கம்பிவடத்தைத் திட்டமிட்டவர்களுக்குச் சரிவு ஒரு வரம்பு. வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களிடம் இருந்தது. அக்காலத் தோட்டங்களில் கங்காணிகளிடம் முன்பணம் பெற்று வந்த தொழிலாளர் பலருக்கோ, கடன் தீரும்வரை வேலையை விட்டு நீங்கும் உரிமையும் இல்லை. அவர்களுள் எத்தனை புலவர்களும் பொறியாளர்களும் வெளிப்படாமலே மறைந்தனர் என்பதை எந்தக் கணக்கேடும் கூறாது. வேலி பயிரைக் காக்கும்; விதைக்கவே விடாத வேலியால் பயன் இல்லை.

மாணவர்களே! மேற்படிப்பும் தொழிலும் குறித்து நீங்கள் முடிவெடுக்கும் காலம் அண்மையில் உள்ளது. உங்கள் முன் பல வழிகள் விரிந்தால், நன்கு அறிந்த சிலவற்றைப் பிரித்தெடுத்து அவற்றை ஆழ்ந்து நோக்குங்கள். ஒரே வழிதான் உண்டு என்று பிறர் கூறினால், அது மலை விதித்த வரம்பா, மனிதர் விதித்த மறுப்பா என்று வினவுங்கள். வரம்பாயின் அதற்குள் புதுவழி காணலாம். மறுப்பாயின் அதனை மாற்றக் குரல் கொடுக்கலாம். இவ்வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதே முதல் தெரிவு.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் இடநெருக்கடி, நீர்ப்பற்றாக்குறை போன்ற ஒரு வரம்பினால் உருவான புதிய கருவி அல்லது முறை ஒன்றைக் கண்டறிந்து வகுப்பில் விளக்குக.
2. “தெரிவுகள் மிகுதல் படைப்பாற்றலை வளர்க்கிறது / தளர்த்துகிறது” – சொற்போர் நிகழ்த்துக.