உங்களுக்குத் தெரியுமா? லேடாங் மலையும் ஆசகான் அருவியும்

மலாக்கா–ஜொகூர் எல்லையோரம் 1,276 மீட்டர் உயரத்துக்கு எழும் லேடாங் மலை கருங்கல்லால் ஆனது. உச்சிப்பகுதி மழைநீர் பாறை இடுக்குகளை அரித்தபடி இருபுறமும் இறங்குகிறது. ஜொகூர் பக்கம் சாகில் அருவி. மலாக்கா பக்கம், ஜாசின் மாவட்டத்தில், ஆசகான் அருவி. ஆசகான் வட்டாரம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பால்மரம் வெட்டிய தோட்டப்புறம்.

1854இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் மலாக்காவிலிருந்து புறப்பட்டு இம்மலையில் ஏறினார். மலையடிவாரத்தில், ஓர் ஓடையருகே சிறு குடிசைகள் போட்டு, ஒரு வாரம் தங்கினார். யானை, காண்டாமிருகம் நெருங்காதிருக்க அவரும் உடன் வந்தோரும் தீ மூட்டி வைத்தனர். ஆர்கஸ் கோழியின் கூவல் ஓயாமல் கேட்டது, பறவைதான் கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகள் அக்காட்டில் வேட்டையாடிய மலாய் முதியவரே ஒன்றைக்கூடச் சுட்டதில்லையாம்!

இப்போது கூடாரமிடுவோருக்குக் காண்டாமிருக பயமில்லை, ஓடைதான் ஆபத்து. கீழே வெயிலடிக்கும்போதே மேலே மழை கொட்டினால் சில நிமிடங்களில் வெள்ளம் பாயும். மலேசியர் இதைக் 'கெபாலா ஆயர்' என்பர். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவதும், இலைதழை மிதந்து வருவதும், இரைச்சல் கூடுவதும் அதன் அறிகுறிகள். கண்டவுடன் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஓடைப்படுகையில் கூடாரம் அடிக்கவே கூடாது.