பத்துக்குப் பத்து அறையில் அந்நியருக்கு இடம்

உபசரிப்பைக் குறித்துப் பிரசங்கிக்கும்போது நாம் வழக்கமாக மம்ரேயின் சமபூமிக்குப் போய்விடுகிறோம். ஆபிரகாமுக்கு மந்தை இருந்தது, வேலைக்காரர் இருந்தனர், மர நிழலும் இருந்தது. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்துபேராய் உறங்கும் குடும்பத்துக்கு அந்தச் சம்பவம் சற்றுத் தூரமானது. நமக்கு அருகில் நிற்பவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளுமே.

அவர்களும் பிழைக்க வந்தவர்கள். கிலவுதியு ராயன் யூதரை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றியபோது (கி.பி. 49 வாக்கில் என்பது பலருடைய கணக்கு) கொரிந்துவுக்கு வந்து, கூடாரத் தொழிலால் ஜீவனம் பண்ணினார்கள் (அப். 18:2,3). தாங்களே புதிதாய்க் குடியேறிய பட்டணத்தில் பவுலைத் தங்களோடு தங்கவைத்தார்கள். எபேசுவில் அப்பொல்லோவை அழைத்து, அவனுக்கு விளங்காதிருந்ததை விளக்கினார்கள். அங்கே அவர்கள் வீட்டிலேயே சபை கூடிற்று (1 கொரி. 16:19). ரோமாபுரிக்குத் திரும்பியபின் அங்கும் அப்படியே (ரோமர் 16:3-5). சொந்த வீடு அமையட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

ரோமர் நிருபத்தின் அந்த வாழ்த்துதலில் மனைவியின் பெயர் முதலில் வருவதையும் கவனியுங்கள். நம் வீடுகளில் நடப்பது என்ன? ஆராதனை முடிந்ததும் சகோதரர் நாலுபேரைச் சாப்பிட அழைத்துவிடுகிறார். அதிகாலையில் ஒரு மணிநேரம் மட்டுமே வரும் குழாய்த் தண்ணீரைக் குடங்களில் பிடித்துவைத்த சகோதரிக்கு அது வாசற்படியில்தான் தெரியவருகிறது. முறுமுறுப்பில்லாமல் உபசரிக்கவேண்டும் என்ற பேதுருவின் புத்திமதியை (1 பேதுரு 4:9) அவளிடம் மட்டும் நினைவூட்டுவது நியாயமன்று. அந்த நிருபம் சபையார் அனைவருக்கும் எழுதப்பட்டது. அழைத்தவர் வெங்காயம் உரிக்கட்டும், பாத்திரமும் கழுவட்டும்.

விருந்தாளிக்கும் கடமை உண்டு. பவுல் அந்த வீட்டில் சும்மா இருந்து சாப்பிடவில்லை. கூடவே உட்கார்ந்து வேலைசெய்தார். ஆதிச்சபையின் பழமையான ஒழுங்குநூலாகிய 'திதாகே' இதைக் கண்டிப்பாகவே பேசுகிறது. வழிப்போக்கன் இரண்டு மூன்று நாள் தங்கலாம். நிலையாய்த் தங்க விரும்பினால் தன் தொழிலைச் செய்து உண்ணவேண்டும். ஊழியரென்று வந்து பணம் கேட்பவனை அது கள்ளத் தீர்க்கதரிசி என்றே சொல்கிறது. வேலை தேடி ஊரிலிருந்து வரும் தம்பியிடம் முதல் நாளிலேயே இத்தனை வாரம் என்று அன்பாய்ச் சொல்லிவிடுவது குற்றமன்று. சொல்லாமல் மனதுக்குள் கசப்பதே இரு குடும்பங்களையும் பிரிக்கிறது.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். புதிய ஏற்பாடு உபசரிப்புக்கு வழங்கும் கிரேக்கச் சொல் 'பிலோக்செனியா'. அந்நியர்மேல் அன்பு என்பது அதன் பொருள். நம் தமிழிலும் 'விருந்து' என்பதற்குப் புதுமை என்பதே பழைய பொருள். புதிதாய் வந்தவரே விருந்து. நாமோ எங்கள் ஊர்க்காரர், எங்கள் ஜனம் என்று கேட்டறிந்தபின்தான் பாய் விரிக்கிறோம். பட்டணத்துக்கு வந்தும் சாதி நம்மோடு ரயிலேறி வந்துவிட்டது. பந்திக்கு யாரை அழைக்கவேண்டுமென்று ஆண்டவர் லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் சொன்னதில் உறவினருக்கு இடமில்லை. அடுத்த அறையில் வாழும் பீகார் குடும்பத்தின் பெயராவது நமக்குத் தெரியுமா?

இடமே இல்லாதவர்களும் செய்யக்கூடியது உண்டு. மும்பை பரேலிலுள்ள டாடா நினைவு மருத்துவமனைக்கு இந்தியா முழுவதிலுமிருந்து புற்றுநோயாளிகள் வருகிறார்கள். தங்க வகையில்லாத பலர் அருகிலுள்ள நடைபாதையில் படுக்கிறார்கள். தமிழ் மட்டும் அறிந்த ஒரு தாய்க்கு, சீட்டு வாங்கும் வரிசையில் இந்தி பேசத் தெரிந்த ஒருவர் உடன் நின்றால் பாதிப் பாரம் குறையும். காலையில் பிள்ளைகளுக்குக் கட்டும் சோற்றோடு இன்னொரு டப்பாவும் கட்டலாம். குளிக்கவும் துணி துவைக்கவும் அரைநாள் நம் அறையைத் திறந்துவைக்கலாம். சபைக்கு இருவராக முறைவைத்துக்கொண்டால், வாரத்தில் ஒரு விடுமுறை நாளே இதற்குப் போதும்.